உப்பு அம்பாரத்தில் ஓடிய படம்

தூத்துக்குடியில் ஷமீமாவுக்கு ஒரே ஒரு சீடர் இருந்தார். குருவைவிடச் சீடருக்கு இருபது வயது கூடுதல்.

சீடரின் பெயர் லாசர். பாதி ஆயுளைக் கல்யாண வீடியோவில் கழித்தவர். எடுப்பதைவிட வெட்டி ஒட்டுவதில்தான் அவர் கை பேசும். மழையில் நனைந்த ஊர்வலத்துக்கு வேறொரு கல்யாணத்தின் வானத்தைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார். மண்டபத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத சம்பந்திகளை, வீடியோவில் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரிக்க வைத்திருக்கிறார்.

"நடந்தது நடந்துபோச்சுன்னு யாராவது அழுதா எங்கிட்ட அனுப்புங்க" என்பார். "நான் வேற மாதிரி நடத்திக் காட்டுதேன்."

அப்படிப்பட்டவர் ஒரு நாள் கல்லூரி மைதானம் ஒன்றில் நடந்த நிகழ்ச்சியைப் படம் எடுக்கப் போனார். மேடையில் ஒரு பெண், ஒரு கம்ப்யூட்டர், பொத்தான்கள் பதித்த சின்னப் பலகை ஒன்று. பின்னால் பெரிய திரை. கம்ப்யூட்டரிலிருந்து இசை எழுந்தது. அந்தப் பெண்ணின் விரல்கள் பொத்தான்களில் விழுந்தன. ஒவ்வொரு அடிக்கும் திரையில் ஒரு வட்டம் பூத்தது, ஒரு கோடு சரிந்தது, ஒரு பறவைக் கூட்டம் சிதறிச் சேர்ந்தது. முன்கூட்டி எடுத்த படம் இல்லை அது. அங்கேயே, அப்போதே, இசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் உண்டாக்கிக்கொண்டிருந்தார் அந்தப் பெண்.

நிகழ்ச்சி முடிந்தபோது லாசர் தோளில் கேமராவோடு நின்றுகொண்டிருந்தார். பதிவுப் பொத்தானை அமுக்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் காலையில் ஐஸ் பேக்டரிக்கு மேலே இருந்த ஷமீமாவின் அறை வாசலில் போய் நின்றார்.

"இதுக்கு என்ன பேரு டீச்சர்?"

"இங்கிலீஷ்ல ஒரு பேரு இருக்கு. நான் படம் வாசிக்கிறதுன்னு சொல்லுவேன்."

"எனக்குச் சொல்லித் தருவீங்களா?"

"வயசு என்ன அண்ணாச்சி?"

"அம்பத்தஞ்சு."

"விரல்ல வலி இருக்கா?"

"இல்ல."

"அப்ப உட்காருங்க" என்றார் ஷமீமா.

வாசிக்கக் கற்பது லாசருக்குச் சிரமமாக இல்லை. எந்த நொடியில் வெட்ட வேண்டும் என்பது அவர் உடம்பிலேயே ஊறிக் கிடந்தது. இசையின் அடி எங்கே விழும் என்பதைக் காதுக்கு முன்னால் விரல் தெரிந்துகொண்டது. ஷமீமா பாராட்டவில்லை. குறையும் சொல்லவில்லை. ஒரு நாள், "வாசிச்சதைப் பதிவு பண்ணிக் கொண்டாங்க" என்றார்.

லாசருக்குச் சிரிப்பு வந்தது. பதிவு செய்வதை அவருக்கா சொல்லித்தர வேண்டும்?

வீட்டில் கேமராவைத் திரைக்கு எதிரே நிறுத்தினார். சத்தத்துக்குத் தனியாக ஒரு கருவியை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வைத்தார். வாசித்தார். இரண்டையும் சேர்த்து மறுநாள் கொண்டுவந்தார்.

ஷமீமா கொஞ்ச நேரம் பார்த்தார். "படம் பிந்துது அண்ணாச்சி."

"ஒரு மயிரிழைதான் டீச்சர். இந்தா, இப்படித் தள்ளிட்டா ஒட்டிரும்."

"தள்ளுங்க."

லாசர் தள்ளினார். ஆரம்பம் கச்சிதமாக ஒட்டியது.

"முடிவைப் பாருங்க."

முடிவில் படம் முந்திக்கொண்டு ஓடியது. லாசர் முடிவை இழுத்து ஒட்டினார். ஆரம்பம் பிரிந்தது. நடுவில் வெட்டினார். இரண்டு பக்கமும் பிரிந்தது. சாப்பாட்டு நேரம் தாண்டியது. ஷமீமா டீ போட்டுக்கொண்டுவந்து வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்து வேறு வேலை பார்த்தார்.

கடைசியில் லாசர் கையை எடுத்தார். "எங்க தப்பு டீச்சர்?"

"படத்தை ஒரு கருவியில பிடிச்சீங்க. சத்தத்தை இன்னொண்ணுல பிடிச்சீங்க. அதது கடிகாரம் அததுக்கு. ரெண்டும் ஒண்ணா புறப்படும். ஒண்ணா போய்ச் சேராது."

"அப்ப?"

"ரெண்டும் பிறக்கிற இடத்துலயே பிடிங்க. கம்ப்யூட்டருக்குள்ள சத்தம் ஓடுதுல்ல, அது வெளியே வர்றதுக்கு முந்தி எடுங்க. திரைக்குப் போற படத்தையும் அங்கேயே எடுங்க. ஒரே மூச்சுல."

லாசர் அப்படியே செய்தார். கம்ப்யூட்டரின் உள்சத்தத்தையும் படத்தையும் ஒரே கோப்பில் பிடித்தார். அதில் வேறு வில்லங்கம் வந்தது. வாசிக்கவும் வேண்டும், பதிவும் வேண்டும் என்றால் கம்ப்யூட்டருக்கு மூச்சுத் திணறியது. படம் விக்கி விக்கி நகர்ந்தது. படத்தின் அளவைக் குறைத்தார். தேவையில்லாத வேலைகளையெல்லாம் மூடினார். பல வாரம் மல்லுக்கட்டிய பிறகு ஒரு பதிவு, தண்ணீர் ஓடுவது போல வந்தது. படத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே ஊசி நுழைய இடமில்லை.

ஷமீமா அதை முழுசாகப் பார்த்தார். "இது பதிவு" என்றார்.

லாசருக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது.

"உள்சத்தம் மட்டும் எடுத்தா, பாக்க வந்த ஜனங்க கைதட்டுறது வராதே டீச்சர்? ஒரு மைக்கையும் சேர்த்துக்கிட்டா என்ன?"

"உங்களைப் பாராட்டினாங்களான்னு எனக்குத் தெரிய வேணாம் அண்ணாச்சி. நீங்க எப்படி வாசிச்சீங்கன்னுதான் தெரியணும்."

அந்த வருடம் உப்பு நன்றாக விளைந்திருந்தது. மழைக்கு முந்தி உப்பு வாரி முடித்த சந்தோஷத்தில், ஊருக்குத் தெற்கே ஓர் உப்பளத்துத் தொழிலாளர்கள் சேர்ந்து விழா வைத்தார்கள். ஒவ்வொரு வருடமும் பாட்டுக் கச்சேரி வைப்பது வழக்கம். இந்தத் தடவை யாரோ ஷமீமாவிடம் வந்து, "எங்க அம்பாரத்து மேலேயே படம் காட்ட முடியுமா?" என்று கேட்டார்கள்.

அம்பாரம் என்பது வாரிய உப்பைக் குவித்து வைக்கும் மேடு. ஒரு மாடி வீட்டு உயரம் இருக்கும். மழைக்காக மேலே ஓலை வேய்ந்து மூடிவைப்பார்கள். விழாவுக்காக ஒரு பக்கம் மட்டும் மூடாமல் விடுவதாகச் சொன்னார்கள். அத்தனை வெள்ளையான திரை எந்த ஊர் தியேட்டரிலும் கிடையாது.

ஷமீமா அதற்கென்று முக்கால் மணி நேர இசை அமைத்தார். அமைத்து முடித்ததும் லாசரைக் கூப்பிட்டார்.

"இதை நீங்க வாசிங்க."

"நீங்க?"

"நான் வரமாட்டேன்."

"ஏன் டீச்சர்?"

"வந்தா ஜனங்களைப் பாக்க மாட்டீங்க. என் மூஞ்சியைப் பாப்பீங்க."

லாசர் பொத்தான் பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பதிவைக் கொண்டாங்க. ஒரே மூச்சுல எடுத்தது. வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. அதைப் பாத்துட்டுச் சொல்றேன்."

"சரியா இருந்தா?"

"தை மாசம் சென்னையில ஒரு மேடைக்கு என் பேரைக் கொடுத்திருக்கேன். அந்த இடத்துல உங்க பேரைக் கொடுப்பேன்."

"சரியில்லேன்னா?"

"அடுத்த வருஷமும் உப்பு விளையும் அண்ணாச்சி."

லாசர் பயப்படவில்லை. தன் விரல்மேல் அவருக்கு நம்பிக்கை இருந்தது. வீட்டில் ஒத்திகை பார்த்தார். பார்த்த ஒத்திகைகளையெல்லாம் பதிவு செய்தார். எதிலும் பிசிறு இல்லை. அம்பாரத்தின் சரிவுக்கு ஏற்றபடி படத்தின் ஓரங்களை வளைத்துவைத்தார். விழாவன்று பொழுது சாயும் முன்பே போய்ப் பாத்திகளுக்கு நடுவிலுள்ள வரப்பில் மேஜை போட்டு, கம்ப்யூட்டரையும் ப்ரொஜெக்டரையும் வைத்து, ஹெட்போனைக் காதில் மாட்டிச் சரிபார்த்தார். அங்கே காற்று பலமாக வீசும். ஒலிபெருக்கிச் சத்தம் காற்றில் முன்னே பின்னே அலையும். ஹெட்போன் இருந்தால் அடி பிசகாது.

ரேடியோ செட் கட்டியவர் பொன்பாண்டி. உப்பளத்துக் கூட்டங்களுக்கெல்லாம் அவர்தான் ஒலிபெருக்கி வைப்பார். பெட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"உப்புக்காத்து அண்ணாச்சி. செம்புக் கம்பியையே தின்னுரும். நான் பக்கத்துலயே நிக்கேன்."

இருட்டியதும் ஜனங்கள் வந்து வரப்புகளில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். பகலெல்லாம் அந்த வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கண் கூசிப்போனவர்கள். முன்வரிசையில் இசக்கியம்மாள் என்கிற பெண் உட்கார்ந்திருந்தார். உப்பு சுமக்கும் இரும்புச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, "எங்க அம்பாரத்துல என்னத்த காட்டப் போறிய?" என்று லாசரைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

லாசர் பதிவுப் பொத்தானை அமுக்கினார். இந்தத் தடவை மறக்கவில்லை. கம்ப்யூட்டர் திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி எரிந்தது. இசையைத் தொடங்கினார்.

முதல் அடிக்கு அம்பாரத்தின் அடியில் ஒரு நீலக் கோடு ஓடியது. இரண்டாவது அடிக்கு அது கிளைத்தது. பாத்திகளில் தண்ணீர் பாய்வது போலக் கோடுகள் மேலேறின. ஜனங்களிடமிருந்து ஒரு மூச்சு வெளிவந்தது. தாங்கள் சட்டி சட்டியாகக் கொட்டிய உப்புக்குள்ளிருந்து வெளிச்சம் வருவதை அவர்கள் முன்னால் பார்த்ததில்லை. நாரைகள் எழுந்தன. உப்புக் கல் ஒன்று பூசணி அளவுக்கு வளர்ந்து, உடைந்து, ஆயிரம் கல்லானது. லாசரின் விரல்கள் அவர் சொன்னதைக் கேட்டன. ஒத்திகையைவிட நன்றாக வருகிறது என்று அவருக்கே தெரிந்தது. டீச்சர் இதைப் பார்க்கப் போகிறார் என்ற நினைப்பு ஒருமுறை வந்து போனது.

பாதி தாண்டியிருக்கும். லாசர் தலை நிமிர்ந்தார்.

யாரும் அம்பாரத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இசக்கியம்மாள் கையை ஆட்டி ஏதோ கத்தினார்.

லாசர் ஒரு காதிலிருந்து ஹெட்போனை விலக்கினார்.

வெளியே சத்தமே இல்லை. காற்று மட்டும்தான்.

"அண்ணாச்சி! படம் ஆடுது, பாட்டைக் காணும்!"

பொன்பாண்டி பெட்டியின் மேல் கவிழ்ந்து கிடந்தார். வாயில் டார்ச் விளக்கு, கையில் திருப்புளி. "கொஞ்சம் பொறுங்க, கொஞ்சம் பொறுங்க" என்று டார்ச்சைக் கடித்தபடியே சொன்னார்.

லாசரின் ஒரு காதில் இசை ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டருக்கு ஒன்றுமே ஆகவில்லை. அதிலிருந்து சத்தம் சரியாகவே கிளம்பியது. ஒலிபெருக்கிப் பெட்டிதான் அதை வாங்கவில்லை. சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. பதிவு ஓடியது. ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டு அப்படியே வாசித்தால் பதிவில் ஒரு குறையும் இருக்காது. ஷமீமாவுக்கு எதுவுமே தெரியாது. சென்னை மேடை அவருடையது.

அவர் விரல்கள் அந்த இசைக்கே விழுந்துகொண்டிருந்தன. பழக்கம் அப்படி.

ஜனங்கள் எழ ஆரம்பித்தார்கள். பின்வரிசையில் இரண்டு பேர் புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு நடந்தே விட்டார்கள். இசக்கியம்மாள் எழவில்லை. அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு தான் உட்கார்ந்திருந்த சட்டியை எடுத்து மடியில் வைத்து, உள்ளங்கையால் ஓர் அடி அடித்தார்.

டங்.

"உக்காருங்கட்டீ" என்றார் மற்றவர்களிடம். "நம்ம உப்பு ஆடுது. பாதியில எந்திரிச்சா எப்படி?"

டங். டடங். டங்.

பக்கத்தில் ஒருவர் கைதட்டினார். இன்னொருவர் குலவை போட்டார். அது பாட்டு இல்லை. உப்பு வாரும் பலகையை இழுப்பதற்கும் விடுவதற்கும் உள்ள இடைவெளி அதில் இருந்தது. ஆனால் லாசரின் படமோ வேறு எங்கோ போய்க்கொண்டிருந்தது. அவர் காதில் மட்டும் கேட்கிற இசைக்கு அம்பாரத்தில் நாரைகள் பறந்தன. பெண்களின் அடிக்கும் அதற்கும் ஒட்டவில்லை. அவர்கள் படத்தைத் துரத்திப் பார்த்தார்கள். பிடிபடவில்லை. இசக்கியம்மாளின் கை தயங்கியது.

லாசர் சிவப்புப் புள்ளியைப் பார்த்தார். இசக்கியம்மாளைப் பார்த்தார்.

ஹெட்போனைக் கழற்றி நாற்காலிக்குப் பின்னால் மாட்டினார்.

ஓர் அடி பொறுத்தார். டங் என்று விழுந்ததும் விரலை இறக்கினார். அம்பாரத்தின் நடுவில் ஒரு வெள்ளை வட்டம் பூத்தது. டடங். இரண்டு வட்டம். இசக்கியம்மாளுக்கு உடனே புரிந்துவிட்டது. வேண்டுமென்றே ஓர் அடியை அடிக்காமல் விட்டார். அம்பாரமும் இருண்டு காத்திருந்தது. டங். பூத்தது. வரப்பு முழுக்கச் சிரிப்பு எழுந்தது. நடந்து போனவர்கள் திரும்பி வந்தார்கள்.

அதன் பிறகு யார் யாரைத் தொடர்கிறார்கள் என்று சொல்ல முடியவில்லை. ஒரு குலவைக்கு லாசர் அடியிலிருந்து உச்சிவரை ஒரே அலையாகத் தூக்கினார். அலை உச்சியில் நிற்கும்வரை குலவையும் நீண்டது. இசக்கியம்மாளுக்குக் கை வலித்து, சட்டியை மறு கைக்கு மாற்ற ஒரு நொடி ஆனது. அந்த நொடிக்கும் லாசரின் விரல் மேலேயே நின்றது. அவர் வாழ்க்கையில் எத்தனையோ கூட்டங்களைப் படம் பிடித்திருக்கிறார். ஒரு கூட்டம் அவர் விரலைப் பிடித்துக்கொண்டது இதுதான் முதல் தடவை.

நாற்காலிக்குப் பின்னால் தொங்கிய ஹெட்போனில் ஷமீமாவின் இசை யாருக்காகவும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் அதைச் சிந்தாமல் பதிவு செய்துகொண்டிருந்தது.

திடீரென்று பெட்டி உயிர் பெற்றது. இசை அம்பாரத்தின் மேல் வந்து விழுந்தது. பொன்பாண்டி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். லாசர் அடியைத் தேடிப் பிடித்து மறுபடி இசைக்குள் ஏறிக்கொண்டார். இசக்கியம்மாள் விடவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் சட்டியோடு கூடவே வந்தார்.

முடிந்ததும் ஜனங்கள் அம்பாரத்துக்குப் பக்கத்தில் போய் உப்பைத் தொட்டுப் பார்த்தார்கள். இசக்கியம்மாள் லாசரிடம் வந்தார்.

"அடுத்த வருசம் பாட்டுப்பெட்டி வேண்டாம் அண்ணாச்சி. நாங்களே போதும்."

மறுநாள் லாசர் தன் பழைய எடிட்டிங் அறையில் உட்கார்ந்து பதிவைப் போட்டுப் பார்த்தார்.

முதல் பாதி கண்ணாடி மாதிரி இருந்தது. பிறகு அந்த இடம் வந்தது. இசை ஒரு பக்கம் ஓட, படம் இன்னொரு பக்கம் ஓடியது. இசையில் உச்சம் வரும்போது திரை இருண்டு கிடந்தது. இசை அடங்கிய இடத்தில் வட்டங்கள் வெடித்தன. பெண்களின் சத்தம் ஒரு துளிகூட இல்லை. தெரியாதவர்கள் பார்த்தால், வாசிக்கிறவருக்கு மயக்கம் வந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

அதைச் சரிசெய்ய அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒத்திகைப் பதிவில் அதே இசைக்கு வாசித்த அதே பகுதி இருக்கிறது. அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு இதை வைத்தால் போதும்.

விரல்கள் தாமாகவே வேலை செய்தன. டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. போட்டுப் பார்த்தார். ஒட்டு எங்கே என்று அவருக்கே தெரியவில்லை. இத்தனை வருடத் தொழிலில் இவ்வளவு சுத்தமான ஒட்டு அமைந்ததில்லை.

இரண்டாவது தடவை போட்டுப் பார்த்தார். நாரைகள் அழகாகப் பறந்தன. வீட்டுச் சுவரைப் பார்த்து வாசித்த நாரைகள். சட்டியை மறு கைக்கு மாற்றிய அந்த ஒரு நொடி எங்கேயும் இல்லை.

'மாற்றத்தைச் சேமிக்கவா?' என்று கம்ப்யூட்டர் கேட்டது.

லாசர் வேண்டாம் என்று அமுக்கினார்.

வெட்டாத பதிவை எடுத்துக்கொண்டு ஐஸ் பேக்டரி மாடிப்படி ஏறும்போது அவர் கால் தயங்கவில்லை. அம்பாரத்தில் தான் செய்தது சரி என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. பதிவு தேறாது என்பதிலும் சந்தேகம் இல்லை. படமும் சத்தமும் ஒட்ட வேண்டும் என்பதிலேயே தோற்றாயிற்று. அடுத்த வருடமும் உப்பு விளையும்.

"வாங்க அண்ணாச்சி. போடுங்க" என்றார் ஷமீமா.

லாசர் போட்டார்.

ஷமீமா நாற்காலியில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். முதல் பாதி முழுக்க அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அந்த இடம் வந்ததும் கை பிரிந்தது. முன்னால் குனிந்தார். லாசர் தரையைப் பார்த்தார்.

படம் நின்றது.

"இங்க என்ன ஆச்சு?"

லாசர் வாயைத் திறந்தார்.

"வேணாம். சொல்லாதீங்க."

பின்னால் தள்ளி மறுபடி போட்டார். இசை ஒரு வழி, படம் ஒரு வழி. ஷமீமாவின் புருவம் சுருங்கியது. "தடுமாறினவர் கை இப்படி விழாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மறுபடி பின்னால் தள்ளினார். இந்தத் தடவை சத்தத்தை முழுசாக அணைத்துவிட்டார்.

சத்தமில்லாமல் படம் ஓடியது. இருண்ட திரை. ஒரு வட்டம் பூத்தது. இருள். இரண்டு வட்டம்.

ஷமீமாவின் ஆள்காட்டி விரல் மேஜையைத் தொட்டது. ஒரு வட்டத்துக்கு ஒரு தட்டு. கொஞ்ச நேரம் விரலாலேயே தொடர்ந்தார். பிறகு உள்ளங்கையை விரித்து அடித்தார். வட்டம் பூக்கும்போது கை விழுந்தது. திரை இருளும்போது கை காத்திருந்தது. இழுப்பதற்கும் விடுவதற்கும் நடுவே உள்ள அந்த இடைவெளி அவர் கைக்கு வந்துவிட்டது.

லாசர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

டங். டடங். டங்.

அது இசக்கியம்மாளின் சட்டி. உப்பளத்தை எட்டிக்கூடப் பார்க்காத ஷமீமாவின் மேஜையிலிருந்து அது எழுந்து வந்துகொண்டிருந்தது. குலவைக்கு எழுந்த அலை அடியிலிருந்து உச்சிக்கு ஏறியது. ஷமீமா கையை எடுத்துவிட்டு, அலை இறங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். "இது கை இல்ல, தொண்டை" என்றார் மெதுவாக. பிறகு அந்த இடம் வந்தது, சட்டி கை மாறிய இடம். ஷமீமாவின் கையும் அந்தரத்தில் ஒரு நொடி நின்று, பிறகு விழுந்தது.

லாசருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை.

வட்டங்கள் அடங்கி நாரைகள் திரும்பியபோது ஷமீமா சத்தத்தைத் திறந்துவிட்டார். கடைசிவரை பார்த்தார். முடிந்ததும் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார்.

"தை மாசத்துக்கு என் பேரு கொடுத்தேன்ல, அதை மாத்திக்கோங்க. லாசர். ஆமா, லாசர் மட்டும்தான்."

போனை வைத்துவிட்டு டீ போட எழுந்தார்.

லாசரும் எழுந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"நீங்க முதல்ல சொல்லித் தந்த விதி இதுதான். படமும் சத்தமும் ஒட்டணும். அந்த இடத்துல ஒட்டலையே. அப்ப இந்தப் பதிவு தப்புத்தானே?"

ஷமீமா அடுப்பைப் பற்றவைத்தார். பாத்திரத்தை ஏற்றினார். திரும்பிப் பார்த்தார்.

"சத்தம் தப்பு அண்ணாச்சி" என்றார். "படம் சரியாத்தான் கேட்டிருக்கு."